பருவநிலை நிதி: யாரு கொடுக்கணும்? கடனா, மானியமா?

2022ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கிய மழை, செப்டம்பர் வரை பாகிஸ்தானை விடவில்லை. 33 மில்லியன் பேர் பாதிக்கப்பட்டனர். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையைவிட அது ஐந்து மடங்குக்கும் அதிகம். 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வெள்ளம் வடிந்த பிறகு கணக்குப் போட்டார்கள். சேதமும் பொருளியல் இழப்பும் சேர்ந்து 30 பில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியது.

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் பாகிஸ்தானின் பங்கு எவ்வளவு தெரியுமா? 1 விழுக்காடுகூட இல்லை. ஆனால் பருவநிலை மாற்றம் அந்த மழையை மேலும் கடுமையாக்கியிருக்கக்கூடும் என்று அனைத்துலக விஞ்ஞானிகள் குழு ஒன்று கூறியது.

2023 ஜனவரியில் ஜெனீவாவில் ஒரு மாநாடு நடந்தது. 9 பில்லியன் டாலருக்கும் மேல் தருவதாக உலக நாடுகளும் அனைத்துலக வங்கிகளும் அறிவித்தன. தலைப்புச் செய்தியைப் பார்த்தவர்கள் "பரவாயில்லையே, நல்ல தொகைதான்" என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் அதில் பெரும்பகுதி கடன். அதாவது, வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். ஏற்கெனவே கடன் சுமையில் தவித்துக்கொண்டிருந்த நாடு அது. அதே ஆண்டு ஜூலையில், கடனைக் கட்ட முடியாமல் போய்விடாமல் இருக்க, அனைத்துலகப் பண நிதியத்திடம் மேலும் 3 பில்லியன் டாலர் உதவி பெறவேண்டியிருந்தது.

பருவநிலை மாநாடு என்றாலே "100 பில்லியன்", "300 பில்லியன்" என்று பெரிய பெரிய எண்கள் காதில் விழும். எண்ணை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை என்ன?

பருவநிலை நிதின்னா என்ன?

பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தரும் இந்தப் பணம் மூன்று வேலைகளுக்குத் தேவைப்படுகிறது.

- வெப்பவாயுக்களைக் குறைக்க: நிலக்கரி ஆலையை மூடிவிட்டுச் சூரியசக்திப் பண்ணை அமைப்பது, மின்சாரப் பேருந்துகள் வாங்குவது.

- வரப்போகும் பாதிப்புக்குத் தயாராக: கடல் தடுப்புச் சுவர் கட்டுவது, வறட்சியைத் தாங்கும் பயிர்களுக்கு மாறுவது, புயல் எச்சரிக்கை முறையை மேம்படுத்துவது.

- ஏற்கெனவே நடந்துவிட்ட இழப்பை ஈடுகட்ட: வெள்ளத்தில் போன வீடு, உப்பு ஏறிய வயல், கடலில் மூழ்கும் தீவு.

மூன்றும் ஒன்றல்ல. சூரியசக்திப் பண்ணை மின்சாரத்தை விற்றுக் காசு பார்க்கும். அதற்குக் கடன் கொடுத்தால் திரும்ப வரும். தனியார் முதலீட்டாளர்களும் ஆர்வம் காட்டுவார்கள்.

கடல் தடுப்புச் சுவர்? அது யாருக்கும் எதையும் விற்காது. வெள்ளத்தில் போன வீட்டுக்கு மாற்று வீடு கட்டினால் அதிலிருந்து லாபம் வருமா? வராது. இந்த இரண்டுக்கும் மானியம்தான் தேவை. ஆனால் இந்த இரண்டுக்குத்தான் பணம் கிடைப்பது கடினம்.

யாரு கொடுக்கணும்னு முடிவு செஞ்சது யாரு?

1992ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலை மாற்ற உடன்பாடு உருவானது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தக் காலத்தில் "வளர்ந்த நாடுகள்" என்று கருதப்பட்ட நாடுகளின் பெயர்கள் அதில் உள்ளன. அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலந்து, மேற்கு ஐரோப்பிய நாடுகள் என இன்று 23 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் இடம்பெற்றுள்ளன. பணம் கொடுக்கும் கடமை அவர்களுக்கு மட்டுமே.

காரணம் எளிது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து முதலில் பணக்காரர் ஆனவர்கள் அவர்கள். காற்றில் இன்றும் தங்கியிருக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அவர்களுடையது.

ஆனால் அந்தப் பட்டியல் போட்டு 30 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உலகம் அப்படியே இருக்கிறதா என்ன? இன்று உலகிலேயே ஆக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிடும் நாடு சீனா. அது பட்டியலில் இல்லை. எண்ணெய் வளம் மிக்க சவூதி அரேபியா இல்லை. தென்கொரியா இல்லை.

சிங்கப்பூர்? நாமும் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

100 பில்லியன் வாக்குறுதி என்ன ஆச்சு?

2009இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில் வளர்ந்த நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன. 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டித் தருவோம் என்றன.

2020இல் சேர்ந்தது 83.3 பில்லியன். 2021இல் 89.6 பில்லியன். 2022இல்தான் 115.9 பில்லியன் எட்டியது. இது பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு நிறுவனத்தின் கணக்கு. ஆக, வாக்குறுதி இரண்டு ஆண்டு தாமதமாக நிறைவேறியது.

"லேட்டா வந்தாலும் வந்துடுச்சே" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2022இல் அரசாங்கங்களும் அனைத்துலக வங்கிகளும் கொடுத்த தொகையில் ஏறக்குறைய 70 விழுக்காடு கடன். மானியம் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. பாதிப்புக்குத் தயாராவதற்கென ஒதுக்கப்பட்டது மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேல்மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து உங்கள் கூரை பெயர்ந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "கவலைப்படாதீங்க, கூரையைச் சரிசெய்ய நான் கடன் தர்றேன். மாசாமாசம் வட்டியோட கட்டிடுங்க" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பிறகு அவரே அக்கம்பக்கத்தாரிடம், "நான்தான் அவங்களுக்கு உதவி செஞ்சேன்" என்றும் சொன்னால்?

வளரும் நாடுகளின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. திரும்பி வரப்போகும் கடனையும் முழுத் தொகையாக உதவிக் கணக்கில் எழுதுவது சரியா என்று ஆக்ஸ்ஃபாம் அறநிறுவனமும் கேட்கிறது. 2022இல் கொடுக்கப்பட்ட உதவியின் உண்மையான மதிப்பு 35 பில்லியன் டாலருக்கு மேல் போகாது என்பது அதன் மதிப்பீடு.

ஐஸ்கிரீம் கடையும் பருவநிலை நிதியா?

இன்னொரு சிக்கலும் உண்டு. எதைப் பருவநிலை நிதி என்று கணக்குக் காட்டலாம் என்பதற்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட விளக்கம் கிடையாது.

2023இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் நாடுகள் கொடுத்த கணக்குகளைத் தோண்டிப் பார்த்தது. ஆசியாவில் சாக்லெட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்கக் கொடுத்த உதவியை இத்தாலி பருவநிலை நிதியில் சேர்த்திருந்தது. ஹைட்டியில் கடலோர ஹோட்டலின் விரிவாக்கத்துக்குக் கொடுத்த கடனை அமெரிக்கா சேர்த்திருந்தது. பங்களாதேஷில் புதிய நிலக்கரி ஆலைக்குக் கொடுத்த பணத்தை ஜப்பான் சேர்த்திருந்தது.

அந்த நாடுகள் எந்த விதியையும் மீறவில்லை. ஏனென்றால் மீறுவதற்கு விதியே இல்லை.

பாக்குவில் நடந்தது என்ன?

2024 நவம்பரில் அஸர்பைஜான் தலைநகர் பாக்குவில் புதிய இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 டிரில்லியன் டாலர். கிடைத்த வாக்குறுதி, 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன். 1.3 டிரில்லியன் என்ற எண்ணும் உடன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அது கடமை அல்ல. அரசாங்கம், தனியார், வங்கிகள் எல்லாரும் சேர்ந்து எட்டவேண்டிய பொது இலக்கு.

தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியல் தட்டப்பட்ட கையோடு இந்தியப் பேராளர் எழுந்து கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அதற்கு முன்பே சிறு தீவு நாடுகளின் பேராளர்கள் ஒரு கட்டத்தில் அறையைவிட்டு வெளியேறியிருந்தனர்.

மூன்று மடங்காகியிருக்கிறதே, பிறகு ஏன் கோபம்? 2009இல் 100 டாலருக்கு வாங்க முடிந்ததை 2035இல் 100 டாலருக்கு வாங்க முடியாது. விலைவாசி உயர்வு அந்த 300 பில்லியனில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். அதோடு, எவ்வளவு மானியமாக இருக்கவேண்டும் என்று உடன்பாடு சொல்லவே இல்லை.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த அடுத்த மாநாட்டில், பாதிப்புக்குத் தயாராவதற்கான நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க முயற்சி எடுக்கும்படி நாடுகள் கேட்டுக்கொள்ளப்பட்டன.

இழந்ததுக்கு யாரு ஈடு கொடுப்பா?

1991இல் பசிபிக்கில் உள்ள வனுவாட்டு ஒரு யோசனையை முன்வைத்தது. கடல் மட்டம் உயர்வதால் நிலத்தை இழக்கும் நாடுகளுக்கு உதவ, பணக்கார நாடுகள் ஒரு காப்புறுதி நிதிக்குப் பணம் போடவேண்டும் என்றது. சிறு தீவு நாடுகளின் கூட்டணி சார்பில் அந்த யோசனை வந்தது. சிங்கப்பூரும் அந்தக் கூட்டணியில் ஓர் உறுப்பினர்.

அப்படியொரு நிதியை அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது எப்போது? 2022இல், எகிப்தில் நடந்த மாநாட்டில். யோசனை சொன்ன ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 31 வயது. பாகிஸ்தான் வெள்ளம் அந்தப் பேச்சுக்கு வேகம் கொடுத்தது.

2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே ஜெர்மனியும் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளும் ஆளுக்கு 100 மில்லியன் டாலர் அறிவித்தன. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஐக்கிய அரபுச் சிற்றரசுகள் 1992 பட்டியலில் இல்லாத நாடு. கடமை இல்லாவிட்டாலும் கொடுத்தது.

இருந்தாலும், இந்த நிதிக்கு உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து இதுவரை அறிவித்த தொகை 1 பில்லியன் டாலரைக்கூட எட்டவில்லை. பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்துக்கு மட்டும் 30 பில்லியன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"இழப்பீடு" என்ற சொல்லையும் பணக்கார நாடுகள் ஏற்பதில்லை. 2015இல் பாரிஸ் உடன்பாட்டை ஏற்றபோதே, இதை வைத்துச் சட்டப்படி இழப்பீடு கோர முடியாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, கொடுத்தே ஆகவேண்டியது வேறு. முதல் வகையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

அமெரிக்காவே அதற்கு உதாரணம். பசுமைப் பருவநிலை நிதிக்கு 3 பில்லியன் டாலர் தருவதாக அதிபர் ஒபாமா காலத்தில் சொன்னது. அவர் பதவியில் இருந்தவரை கொடுத்தது 1 பில்லியன். அதிபர் பைடன் காலத்தில் இன்னொரு பில்லியன். 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்ற அதிபர் டிரம்ப், பாரிஸ் உடன்பாட்டிலிருந்து மறுபடியும் விலக உத்தரவிட்டார். ஒரு நாட்டின் தேர்தல் முடிவு, கடலுக்கு அப்பால் இன்னொரு நாட்டில் தடுப்புச் சுவர் எழும்புமா எழும்பாதா என்பதை முடிவு செய்கிறது.

சரி, சிங்கப்பூர் எங்க நிக்குது?

உலகின் கரியமில வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு சுமார் 0.1 விழுக்காடு. நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஆக, பாதிக்கப்படும் நாடுகளின் வரிசையில் நாமும் இருக்கிறோம்.

அதே நேரத்தில், தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளில் நாமும் ஒன்று. ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன.

கடலிலிருந்து தற்காத்துக்கொள்ள 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். அதற்காக 2020இல் 5 பில்லியன் வெள்ளியில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 5 பில்லியன் வெள்ளி சேர்ந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழந்ததை ஈடுகட்ட உலகமே சேர்ந்து வைத்திருக்கும் நிதியைவிட, ஒரு சிறிய தீவு தன் கரையைக் காக்க எடுத்து வைத்திருக்கும் தொகை பல மடங்கு அதிகம். நாம் செய்தது தவறு இல்லை. சேமிக்க முடிந்தது, சேமித்தோம். ஆனால் எல்லா நாடுகளாலும் அப்படிச் சேமிக்க முடிவதில்லை.

மற்ற நாடுகளுக்குச் சிங்கப்பூர் என்ன செய்கிறது?

- பயிற்சி: 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் மற்ற நாட்டு அதிகாரிகள் இங்கு பயிற்சி பெறுகிறார்கள். பருவநிலை மாற்றமும் அதில் ஒரு பாடம்.

- முதலீடு: ஆசியாவில் பசுமைத் திட்டங்களுக்கு 5 பில்லியன் அமெரிக்க டாலர் திரட்டும் முயற்சியைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் வழிநடத்துகிறது. அதில் அரசாங்கம் 500 மில்லியன் டாலர் வரை சலுகை அடிப்படையில் போடும். நஷ்டம் வந்தால் அரசாங்கப் பணம் முதலில் அடிவாங்கும் என்பதால், தனியார் பயப்படாமல் முதலீடு செய்வார்கள் என்பது எண்ணம்.

- கார்பன் கிரெடிட்: பாப்புவா நியூ கினி, கானா, பெரு உள்ளிட்ட நாடுகளுடன் சிங்கப்பூர் உடன்பாடு செய்திருக்கிறது. அங்கே காட்டைக் காப்பாற்றுவது போன்ற திட்டங்களால் குறையும் கரியமில வாயுவுக்குப் பணம் கொடுத்து, அந்தக் குறைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கானாவுடனான உடன்பாட்டின்படி, திட்டத்தை நடத்துவோர் வருவாயில் 5 விழுக்காட்டை அந்த நாடு பருவநிலைப் பாதிப்புக்குத் தயாராவதற்குக் கொடுக்கவேண்டும்.

உங்கள் வீட்டு மின் கட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி 2024இல் 25 வெள்ளியானது, 2026இல் 45 வெள்ளியாகிறது. 25 வெள்ளியாக உயர்ந்தபோது நாலறை வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் மதிப்பிட்டது. அந்த வரிப்பணம் நம் நாட்டுத் தொழில்கள் பசுமைக்கு மாறுவதற்கும் குடும்பங்களுக்கான ஆதரவுக்கும் போகிறது. வரி செலுத்தும் நிறுவனங்கள், வரிக்கு உட்பட்ட வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம்.

மூன்றுமே பயனுள்ளவைதான். ஆனால் கூர்ந்து பாருங்கள். பயிற்சி அறிவைக் கொடுக்கிறது. முதலீடு லாபம் தரக்கூடிய திட்டங்களுக்குப் போகிறது. கார்பன் கிரெடிட் நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள், நன்கொடை இல்லை. வெள்ளத்தில் வீடு இழந்த ஒரு குடும்பத்துக்கு இந்த மூன்றும் நேரடியாகப் போய்ச் சேராது.

அப்போ நாமும் கொடுக்கணுமா?

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

"வேண்டாம்" என்பவர்கள் சொல்வது: காற்றை நிரப்பியவர்கள் முதலில் கடனைத் தீர்க்கட்டும். பட்டியலை விரிவாக்கினால் பழைய நாடுகள் தங்கள் பொறுப்பைப் புதியவர்கள் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடும். சிங்கப்பூருக்குச் சொந்தச் செலவே ஏராளம்.

"வேண்டும்" என்பவர்கள் சொல்வது: 1992இல் எடுத்த படத்தை வைத்து இன்றைய முகத்தை அடையாளம் காண முடியுமா? வசதி உள்ளவர்கள் எல்லாரும் பங்கெடுக்கவேண்டும். பாக்கு மாநாட்டுக்கு முன்பு சுவிட்சர்லந்தும் கனடாவும் அதைத்தான் கேட்டன. வருமானத்தையும் வெளியேற்றத்தையும் வைத்து யார் கொடுக்கவேண்டும் என்று முடிவுசெய்யலாம் என்றன.

பாக்குவில் கிடைத்த சமரசம் இதுதான்: வளர்ந்த நாடுகள் முன்னின்று கொடுக்கவேண்டும், மற்றவர்கள் விரும்பினால் கொடுக்கலாம். ஆக, இப்போதைக்குச் சிங்கப்பூருக்குக் கடமை இல்லை. விருப்பம் இருந்தால் யாரும் தடுக்கவும் இல்லை.

அடுத்த தடவை செய்தியில் ஒரு பெரிய எண் வந்தால்?

இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இது கடனா, மானியமா?

2. புதுப் பணமா, ஏற்கெனவே அறிவித்த உதவிக்குப் புதுப் பெயரா?

3. எந்த வேலைக்கு? வெளியேற்றத்தைக் குறைக்கவா, தயாராகவா, இழப்பை ஈடுகட்டவா?

4. அறிவித்த பணம் கைக்கு வந்ததா?

அடுத்த பருவநிலை மாநாடு 2026 நவம்பரில் துருக்கியின் அன்டால்யா நகரில் நடக்கிறது. அங்கேயும் எண்கள் வரும். ஜெனீவாவில் 9 பில்லியன் என்று கைதட்டல் எழுந்தபோது, அதை வட்டியோடு கட்டப்போவது வெள்ளத்தில் நின்றவர்கள்தான் என்பது பலருக்குத் தெரியாமல் போனது. அடுத்த முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.